சந்தையிலே துள்ளுற காளை

வாடா பேராண்டி, உக்காரு. பஹ்ரைன்லே ஃபார்முலா ஒன் பந்தயக் காரைச் சோதிச்சுப் பாக்கிறானுகன்னு மூணு நாளா மத்தியானச் சோத்தைக்கூடப் போனைப் பாத்துக்கிட்டே முழுங்கினியாம், உங்க அப்பத்தா சொன்னா. பட்டியல்லே முதல்லே நிக்கிறவனுக்குத்தான் இந்த வருசக் கோப்பைன்னு தெருவுக்கே தீர்ப்பும் சொல்லிட்டியாமே. கெட்டிக்காரன்! உன் வயசிலே நானும் சந்தையிலே துள்ளுன காளையாப் பாத்துத்தான் பிடிச்சேன். தரகன் வாலைத் திருகிவிட்டது வீட்டுக்கு வந்து அது படுத்த பொறவுதான் தெரிஞ்சுச்சு.

2019 பார்சிலோனாவை எடுத்துக்கோ. எட்டு நாள் சோதனையிலே ஃபெராரி வெட்டல் 1:16.221, மெர்சிடிஸ் ஹாமில்டன் 1:16.224. ஃபெராரிதான்னு ஊரே சொல்லுச்சு. மெர்சிடிஸ்காரனும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஆமா போட்டான். மெல்போர்ன்லே பாத்தா மெர்சிடிஸ் ஒண்ணு, ரெண்டு. வெட்டல் நாலாவது, 57 விநாடி பின்னாலே. இந்த நடிப்புக்கு அங்கே பேரே மணல்மூட்டைதான்!

சூட்சுமம் எங்கே? டேங்குலே. பார்சிலோனாவிலே 10 கிலோ எரிபொருள் கூடினா சுத்துக்கு ஏறக்குறைய 0.3 விநாடி போச்சு. ஒருத்தன் 60 கிலோ ரொப்பி ஓட்டுவான், ஒருத்தன் சொட்டு விட்டு ஓட்டுவான். நீ ரெண்டு பேரையும் ஒரே தராசிலே வைக்கிறே! 2001லே ப்ரோஸ்ட் அணி குளிர்காலத்திலே பறந்துச்சு. வருசம் பூரா வாங்குனது 4 புள்ளி. அடுத்த தையிலே கடையையே மூடிட்டாங்க.

அதுக்காக எல்லாரும் புளுகுறான்னும் நினைச்சிராதே. 2009லே ஸ்பான்சர் பேரே இல்லாத வெள்ளைக் காரோட பிரான் அணி வந்தப்போ, 'ஸ்பான்சர் பிடிக்க வேசம் போடுறான்'னு சிரிச்சானுக. ஓட்டுநர் கோப்பை, அணிக் கோப்பை ரெண்டையும் அவனே தூக்கிட்டுப் போனான். 2022லே ஹாமில்டன் 'எங்க கார் செயிக்கிற நிலையிலே இல்லே'ன்னப்போ, பழைய மணல்மூட்டைதான்னு ஒருத்தரும் நம்பலே. அந்த வருசம் 22 பந்தயத்திலே மெர்சிடிஸுக்குக் கிடைச்சது ஒண்ணே ஒண்ணு.

அப்ப எதைப் பாக்கணுங்கிறியா? ஒத்தைச் சுத்தை விடு. பஹ்ரைன் பந்தயம் 57 சுத்து. அந்த 57ஐயும் டயரை மட்டும் மாத்திக்கிட்டு, ஷெட்டுக்குள்ளே போகாம ஒருத்தன் ஓட்டினா, முழுப் பந்தயத்துக்கும் எரிபொருளைச் சுமந்துக்கிட்டுத்தான் கிளம்பியிருக்கணும். நடுவிலே ஊத்த வழியில்லே. அங்கே பொய் சொல்ல முடியாது. என்ன டயர், பதினஞ்சாவது சுத்திலே எவ்வளவு தேயுது, வெயில்லே ஓட்டினானா பொழுது சாஞ்சு ஓட்டினானா, அதைக் குறிச்சு வை.

இல்லே, தெருவிலே பந்தயம் கட்டித்தான் தீருவேங்கிறியா? முதல் பந்தயத்தோட தகுதிச்சுத்து முடியட்டும். அன்னைக்கு எல்லாருமே மூட்டையை இறக்கி வச்சிட்டுத்தான் ஓட்டுவான். அதுவரைக்கும் போனை வச்சிட்டுச் சோத்தைத் தின்னு.