விருந்தினர் கார் இழுபடுதல்: பினாங்கு அடுக்குமாடிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு முடிந்து, கையில் முறுக்குப் பொட்டலத்தோடு லிஃப்டிலிருந்து வெளியே வரும் விருந்தாளி, கார் நின்ற இடத்தில் கார் இல்லாததைக் கண்டு எழுப்பும் முதல் ஒலி "ஐயோ"வா, "அத்தான்"ஆ என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதையடுத்து எழும் சச்சரவில் வேற்றுமையே இல்லை. ஜெலுத்தோங் ஆனாலும் பாயான் லெப்பாஸ் ஆனாலும் வசனம் ஒன்றுதான். அந்தச் சச்சரவே இவ்வாய்வின் பொருள்.

முன்னோர் நிலை

வள்ளுவர் 9ஆம் அதிகாரத்தை முழுக்க விருந்தோம்பலுக்கே ஒதுக்கினார். வந்தவர் வண்டியை எங்கே நிறுத்துவது என்பது பற்றிப் பத்துக் குறளிலும் குறிப்பில்லை. பரிமேலழகரும் இது குறித்து வாய் திறக்கவில்லை. ஆனால் சங்ககாலச் சான்று ஒன்று கிடைக்கிறது. பறம்பு மலைப் பாரி, முல்லைக்கொடி படரட்டும் என்று தன் தேரை வழியிலேயே விட்டுவிட்டு நடந்து போனான். கொடைமடம் என்று தமிழுலகம் இதை இன்றும் கொண்டாடுகிறது. மலேசியச் சட்டப்படி பார்த்தால், அனுமதியில்லா இடத்தில் கைவிட்ட வாகனம் அது. பாரி பினாங்கில் பிறந்திருந்தால், கொடி பற்றுமுன் லோரி பற்றியிருக்கும்.

மூலநூல்

இத்துறைக்கு மூலநூல் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் (சட்டம் 757). அதன்கீழ் 2015இல் வந்த விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் வாகனங்களுக்கென்றே தனி விதி இருக்கிறது. கட்டத்துக்கு வெளியேயோ அனுமதியில்லா இடத்திலோ நிற்கும் வண்டியை நிர்வாகம் முன்னறிவிப்பின்றி இழுத்துச் செல்லலாம்; சக்கரத்துக்குப் பூட்டும் போடலாம். பூட்டைக் கழற்ற 200 ரிங்கிட்டுக்கு மேல் கேட்கக் கூடாது. இழுத்துப் போயிருந்தால், லோரிக்காரரின் கூலியும் வண்டியை வைத்திருந்ததற்கு உண்மையில் ஆன செலவும் வண்டிக்காரர் தலையில். வழியில் பம்பர் கீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல.

இங்கே ஒரு பொருளாதார நுட்பமும் உண்டு. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தில் தீவுக்குள் வரத்தான் டோல். திரும்பிப் போகக் காசில்லை. சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த மச்சானுக்கு மட்டும் அன்றிரவு திரும்பிப் போகவும் டோல் விழுந்துவிடுகிறது.

வாதங்களும் மறுப்பும்

"அந்த லாட் காலியாத்தானே கிடந்திச்சு!" என்பது முதல் வாதம். அது பொருந்தாது. பாயான் லெப்பாஸில் 1972 முதல் தொழிற்பேட்டை இயங்குகிறது. தொழிற்சாலைகள் இரவிலும் ஓடுகின்றன. மாலை ஏழு மணிக்கு ஒரு கட்டம் காலியாக இருந்தால், அதன் சொந்தக்காரர் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பியிருக்கிறார் என்று கொள்க. விடியற்காலையில் தூக்கம் சொக்கத் திரும்பி வந்து, தன் இடத்தில் யாரோ ஒருவரின் மைவி நிற்பதைப் பார்க்கும் மனிதரிடம் விருந்தோம்பலைப் பற்றிப் பேச முடியாது.

"ஜாகாகிட்ட சொல்லிட்டுத்தான் போட்டேன்" என்பது இரண்டாவது. நேப்பாளத்திலிருந்து வேலைக்கு வந்த அந்தக் காவலர், மச்சான் கையசைத்ததற்குப் பதிலாகத் தலையசைத்தார். அது வணக்கம், அனுமதி ஆகாது. அனுமதி என்பது காவல் கொட்டகை மேசையில், நூலில் கட்டிய பேனாவோடு கிடக்கும் நீளமான நோட்டில் இருக்கிறது. வண்டி எண், வீட்டு எண், வந்த நேரம் என்று மூன்று பத்தி. மூன்றையும் நிரப்பினால்தான் கண்ணாடிக்குள் வைக்க லேமினேட் செய்த அட்டை கிடைக்கும். நம் ஆய்வுக்குரிய விருந்தாளி, பின்னால் வந்தவர் ஹாரன் அடித்ததால் எதையும் எழுதாமல் உள்ளே போனவர்.

"அஞ்சு நிமிசந்தான்" என்பது மூன்றாவது. பிரியாணி பரிமாறிய வீட்டில் இந்த வாதத்தை மறுக்க வேண்டிய தேவையே எழவில்லை.

இனி, நிற்கும் வாதங்கள். வருகையாளர் கட்டத்தில் நிறுத்தியதற்குப் படம் இருந்தால் அது நிற்கும். நோட்டில் பதிவு இருந்தால் நிற்கும். பூட்டைக் கழற்ற 200க்கு மேல் கேட்டார்கள் என்றாலும், ரசீது தர மறுத்தார்கள் என்றாலும் நிற்கும். குரலின் உயரம் எந்த மன்றத்திலும் சான்றாக ஏற்கப்படுவதில்லை.

முறையீட்டுப் படலம்

நிர்வாகம் இறங்கி வரவில்லை என்றால் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் கட்டட ஆணையரிடம் எழுதலாம். அதுதவிர ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றமும் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. மச்சானுக்கு இது தேன் போன்ற செய்தி. ஆனால் யார் முறையிடலாம் என்ற பட்டியலைப் படித்தால் மேம்பாட்டாளர், வாங்கியவர், உரிமையாளர், நிர்வாக அமைப்புகள், நிர்வாக முகவர் என்று போகிறதே தவிர விருந்தாளியைக் காணோம். மன்றத்தின் அனுமதி பெற்ற "அக்கறையுள்ள பிறர்" என்ற பக்கவாசல் ஒன்றுதான் அவருக்கு. அதாவது, கார் அவருடையது, கோபம் அவருடையது, ரசீது அவருடையது. வழக்கு மட்டும் விருந்துக்கு அழைத்த அத்தானுடையது.

முடிவு

ஆகவே இவ்வாய்வு துணிவது: அடுக்குமாடியில் கார் இழுபட்டால், அழைத்தவரே வாதி; சட்டம் வண்டிக்காரரிடம் கேட்டாலும், உறவு முறைப்படி அழைத்தவரே பணம் கட்டவும் கடமைப்பட்டவர். இதை மறுப்பவர் அடுத்த ஆண்டு விருந்துக்குப் பிறகு மறுப்புரை எழுதலாம்.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தீபாவளிக்கு உறவை அழைக்கும்போது கார் எண்ணை முதலில் வாங்கி, நிர்வாக அலுவலகத்தில் பதிந்துவையுங்கள். கோழியா ஆடா என்பதைப் பிறகு கேட்கலாம்.