வாசற்படித் திணை: சிறார் சதுரங்கப் போட்டிகளில் பெற்றோர் ஒழுகலாறு குறித்த ஓர் ஆய்வு

தொல்காப்பியர் காட்டுக்கும் மலைக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் திணை வகுத்தார். செஸ் போட்டி நடக்கும் கூடத்தின் மூடிய கதவுக்கு வெளியே இருக்கும் தாழ்வாரத்தை மட்டும் விட்டுவிட்டார். அவர் காலத்தில் ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவு இல்லாததே காரணமாக இருக்கலாம். பாலைக்கும் அவர் தனி நிலம் தரவில்லை என்பதால், நிலமில்லாத இன்னொரு திணையைச் சேர்ப்பதில் மரபுக்குப் பெரிய இழுக்கு வந்துவிடாது என்ற துணிவில் இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

முதலில் முதற்பொருள். நிலம்: நகரத்தின் விளிம்பில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரி, அது கிடைக்காதபோது முகூர்த்தமில்லாத நாளில் ஒரு கல்யாண மண்டபம். பெரும்பொழுது: முழுப் பரீட்சை நெருங்கும் மாதங்கள் நீங்கலாக ஆண்டு முழுவதும். சிறுபொழுது: ஞாயிறு காலை எட்டரை முதல் பரிசளிப்பு முடியும்வரை. பரிசளிப்பு எப்போது முடியும் என்பதை வரையறுக்க முந்தைய ஆய்வாளர் எவராலும் இயலவில்லை. கருப்பொருளில் உணவு, டப்பாவில் அடைத்த தயிர்சாதமும் கேன்டீன் பப்ஸும். மரம், பார்க்கிங்கில் நிற்கும் தூங்குமூஞ்சி. பறை, "பேரண்ட்ஸ் எல்லாரும் தயவுசெஞ்சு ஹாலை விட்டு வெளிய போங்க" என்று ஒலிபெருக்கியில் வரும் குரல். தெய்வம், அடுத்த சுற்றுக்கு யாருக்கு யார் என்று பேரிங் ஒட்டும் பலகை. அதன் முன் கூடும் கூட்டத்தையும் தள்ளுமுள்ளையும் கண்டவர்கள் இந்த வகைப்பாட்டை மறுக்கமாட்டார்கள்.

ஆய்வுக்களம் சென்னையாக அமைந்தது தற்செயல் அல்ல. 1988இல் இவ்வூர் விஸ்வநாதன் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022இல் பக்கத்து மாமல்லபுரத்துக்கே செஸ் ஒலிம்பியாட் வந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார். இத்தகைய ஊரில் ஐந்து வயதுப் பிள்ளை குதிரையை ஒழுங்காக நகர்த்திவிட்டால், பெற்றவர்கள் சும்மா இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது அறிவியலுக்கு முரணானது.

அடுத்து உரிப்பொருள். அகத்திணையின் ஐந்து ஒழுக்கங்களும் இங்கே ஒரே நாளில், ஒரே தாழ்வாரத்தில், ஏழெட்டு முறை சுழன்று வருகின்றன. சங்கப் புலவர்களுக்கு இவ்வளவு வசதி வாய்த்ததில்லை.

பிரிதல் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் நிகழ்கிறது. தாய் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்து அனுப்புவாள். தந்தை கடைசி அறிவுரை சொல்வார். "அவசரப்படாத, யோசிச்சு ஆடு" என்பதே அது. இரண்டு சுற்றுக்குப் பின் அது "ரொம்ப யோசிக்காத, டைம் போயிடும்" என்று மாறும். இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிப்பது எப்படி என்று எந்தப் பிள்ளையும் கேட்டதாகத் தெரியவில்லை.

இருத்தல்தான் இத்திணையின் உயிர்நிலை. அதன் காரணத்தைச் சட்டத்தில் தேடவேண்டும். பார்வையாளர் ஆட்டத்தில் தலையிடக் கூடாது, மீறினால் நடுவர் அவரை அரங்கைவிட்டு வெளியேற்றலாம் என்கிறது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 12.7. நடுவர் அனுமதியின்றி ஆட்ட வளாகத்தில் யாரும் கைப்பேசியைப் பயன்படுத்தலாகாது என்கிறது 12.8. கிரிக்கெட் தந்தைக்குப் பவுண்டரிக் கோட்டருகே நின்று கத்த வழியுண்டு. நீச்சல் தாய் குளத்தின் விளிம்போடு கூடவே ஓடலாம். கபடியிலோ பெற்றோர் கத்தினார்களா, ஊரே கத்தியதா என்று பிரித்தறிய முடியாது. சிறார் சதுரங்கத்தில்தான் பெற்றோரைக் கத்தவும் விடுவதில்லை, பார்க்கவும் விடுவதில்லை. இரண்டும் மறுக்கப்பட்டவர் என்ன செய்வார்? ஜன்னலுக்குப் போவார்.

ஜன்னல் கண்ணாடிகளில் அமைப்பாளர்கள் செய்தித்தாளை ஒட்டிவைப்பது இதற்காகத்தான். அதன் ஓரம் எங்கே உரிந்திருக்கிறது என்பதை இரண்டாம் சுற்றுக்குள் ஒரு தந்தை கண்டுபிடித்துவிடுவார். மூன்றாம் சுற்றில் அங்கே வரிசை நிற்கும். அந்தச் சந்து வழியே பெரும்பாலும் தெரிவது ஒரு பிள்ளையின் முதுகும் ஒரு மின்விசிறியும்தான். அதை வைத்தே "நம்ம பையன் நல்லா உக்காந்திருக்கான், ஜெயிச்சிடுவான்" என்று முடிவு அறிவிக்கப்படுகிறது. பிள்ளை சிறுநீர் கழிக்க வெளியே வந்தால் நடை, கண், சட்டைக் காலர் ஆகியவற்றிலிருந்து நிலவரம் கணிக்கப்படும். ஒரு தந்தை இருமினால், அது குறிப்பா சளியா என்று நடுவர் ஆராயும் நிலையும் உண்டு.

எஞ்சிய நேரம் கணிதத்தில் கழிகிறது. அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோ வகுத்த தரவரிசை முறையை ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. கிளாசிக்கல் ஆட்டத்தில், 2300க்குக் கீழுள்ள, பதினெட்டு வயது நிரம்பாத ஆட்டக்காரருக்குக் கே எண் 40. அதாவது சம ரேட்டிங் உள்ளவரை வென்றால் இருபது புள்ளி ஏறும், தோற்றால் இருபது இறங்கும். வீட்டுக் கடனுக்கு வட்டி எவ்வளவு போகிறது என்று தெரியாதவர்கூட இந்தக் கணக்கைத் தூக்கத்தில் போடுவார்.

இதைவிட நுட்பமானது புக்கோல்ஸ் என்னும் டை பிரேக் முறை. இருவர் சம புள்ளியில் நின்றால், யாருடைய எதிராளிகள் மொத்தத்தில் அதிகப் புள்ளி எடுத்தார்களோ அவர் மேலே போவார். இதன் சமூக விளைவை எந்த அறநூலும் முன்னுணரவில்லை. முதல் சுற்றில் தன் மகள் அழவைத்து அனுப்பிய சிறுவனைத் தேடிப்போய், "நல்லா ஆடுப்பா, அடுத்ததுல கண்டிப்பா ஜெயிக்கணும்" என்று பிஸ்கட் கொடுத்து ஊக்குவிக்கும் தந்தையைக் களத்தில் காணமுடிந்தது. பகைவனுக்கு அருளும் நெஞ்சம் டை பிரேக்கில்தான் கிடைக்கும் போலும்.

இரங்கல், கதவு திறந்த அடுத்த நொடியில் தொடங்குகிறது. "சாப்பிட்டியா, தண்ணி குடிச்சியா" என்ற கேள்விகளுக்கு இத்தருணத்தில் இடமில்லை. "என்னாச்சு?" என்ற ஒற்றைக் கேள்விதான். பதில் சாதகமில்லை என்றால் "ஜெயிக்கிற கேமை விட்டுட்டியா?" என்ற துணைக்கேள்வி வரும். பிள்ளை ஆட்டத்தை எழுதிய தாள் பறிமுதலாகும். கைப்பேசியில் உள்ள, ஆட்டத்தை எடைபோடும் ஸ்டாக்ஃபிஷ் மென்பொருளில் நகர்த்தல்கள் ஏற்றப்படும். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதில் தெளிவில்லாத ஒருவர், திரையைக் காட்டி, "இங்க பாரு, பிளஸ் நாலு காட்டுது. பிளஸ் நாலுல ஒருத்தன் தோப்பானா?" என்று கேட்பார். பிளஸ் நாலில் தோற்காதவர் உலகில் இல்லை. அதைச் சொல்லும் நிலையில் அந்தப் பிள்ளை இல்லை. ஆக, எட்டு வயதில் ஒரு தோல்வியைப் பலகையில் ஒருமுறை, வாசலில் ஒருமுறை, திரையில் ஒருமுறை, வீடு திரும்பும் வண்டியின் பின்சீட்டில் இன்னொரு முறை என்று நான்கு முறை தோற்கவேண்டியிருக்கிறது. ஆய்வு நடுநிலையாக இருக்கவேண்டும் என்பார்கள். இந்த ஓரிடத்தில் இவ்வாய்வு பிள்ளைகளின் பக்கம்.

ஊடல் நடுவரோடு. "சார், அந்தப் பையன் யானையைத் தொட்டுட்டு வேற காயை நகர்த்தினான், தொட்ட காயைத்தானே ஆடணும்?" "நீங்க எப்படிம்மா பாத்தீங்க?" "ஜன்னல் வழியா..." வழக்கு அங்கேயே முடிந்துவிடும். புணர்தல் பற்றி எழுத அதிகமில்லை: கோப்பையோடு ஒரு புகைப்படம், அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தல்.

வெளிநாட்டுத் தரவுகளையும் ஒப்புநோக்கவேண்டும். டென்னிஸ் வீராங்கனை மேரி பியர்ஸின் தந்தையை மகளிர் டென்னிஸ் சங்கம் 1993இல் போட்டிகளுக்கே வரக்கூடாது என்று தடைசெய்தது. யெலேனா டோக்கிச்சின் தந்தை 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பனில் சால்மன் மீனின் விலை அதிகம் என்று சண்டையிட்டு வெளியேற்றப்பட்டார். நம் கேன்டீன்களில் பப்ஸ் விற்கும் விலைக்கு இதுவரை யாரும் வெளியேற்றப்படவில்லை என்பது தமிழ்ப் பெற்றோரின் பொறுமைக்குச் சான்று.

இனிக் கட்டுப்பாட்டு முறைகள். ஒலிபெருக்கி அறிவிப்பு பயனற்றது. அதைத் தம்மைத் தவிர்த்த மற்றவர்களுக்கானதாகவே ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். அமெரிக்கப் பள்ளி விளையாட்டுகளில் 24 மணி நேர விதி என்று ஒன்று உண்டு: ஆட்டம் முடிந்து ஒரு நாள் ஆகும்வரை பெற்றோர் பயிற்சியாளரிடம் அதுபற்றிப் பேசலாகாது. ஆறப்போட்டால் சூடு தணியும் என்பது கோட்பாடு. இங்கே அதைச் சொல்லிப்பார்த்த ஒரு பயிற்சியாளருக்கு ஞாயிறு மாலை நிம்மதியாகத்தான் கழிந்தது. திங்கள் மாலை ஐந்து மணிக்கு மேல், ஆட்டங்கள் முடிந்த அதே வரிசையில், அழைப்புகள் வரத் தொடங்கின.

கடுமையாக நடந்துகொள்வதில் ஒரு பொருளாதாரச் சிக்கலும் உண்டு. நுழைவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், கோப்பைச் செலவு எல்லாம் வருவது இந்தத் தாழ்வாரத்திலிருந்துதான். வெளியேற்றப்பட வேண்டியவரும் அடுத்த மாதப் போட்டிக்குப் பணம் கட்டவேண்டியவரும் ஒருவரே. எனவே நடுவர் முறைப்பதும் அமைப்பாளர் சிரிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டியிருக்கிறது.

தொல்லை தருபவர் யார், தியாகி யார் என்பதும் எளிதில் பிரிவதில்லை. குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை மருத்துவர். தொழிலை நிறுத்திவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். மகன் வென்றதால் நாடே கைதட்டியது. வெல்லாமல் போயிருந்தால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை. 2023இல் பாக்கு செஸ் உலகக் கோப்பையில் இன்னொரு சென்னை கிராண்ட்மாஸ்டரான பிரக்ஞானந்தாவின் தாய் நாகலட்சுமி ஓரமாக நின்று மகனையே பார்த்துக்கொண்டிருந்த படம் உலகெங்கும் போயிற்று. அவரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. வெளிநாடு போகும்போது மகனுக்கு ரசமும் சோறும் செய்துகொடுக்கக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போவார். இவ்வாய்வின் மையக் கருதுகோள் அந்தக் குக்கரிலிருந்து பிறந்தது: கையில் வேலை இருக்கும் பெற்றோர் யாருக்கும் தொல்லை தருவதில்லை.

கருதுகோளைச் சோதிக்க ஒரு வாய்ப்பும் கிடைத்தது. ஒரு போட்டியில் காலையிலிருந்தே நடுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு தந்தையை அமைப்பாளர் தனியே அழைத்தார். கழுத்தில் 'வாலண்டியர்' அட்டையை மாட்டினார். வாசலில் கட்டியிருந்த கயிற்றின் முனையைக் கையில் கொடுத்து, "யாரும் உள்ள வராம பாத்துக்கங்க சார்" என்றார். மாற்றம் உடனே தெரிந்தது. அதுவரை கயிற்றைத் தாண்டியவர்களில் முதல் ஆளாக இருந்தவர், ஜன்னலோரம் நின்றவர்களை விரட்டினார். உரிந்த செய்தித்தாளைப் பசை வாங்கிவரச் சொல்லி ஒட்டினார். டிபன் பாக்ஸோடு வந்த சொந்த மனைவியையே "ரவுண்டு முடியட்டும், அப்புறம் வா" என்று நிறுத்தினார். அன்று மாலைவரை ஒரு புகார்கூட வரவில்லை. அடுத்த போட்டிக்கும் அவரையே கூப்பிட்டிருக்கிறார்கள்.

கயிற்றின் உட்புறம் நின்றால் பதினேழாம் பலகை தெளிவாகத் தெரியும். அன்று பிற்பகல் அவர் மகன் ஆடியது அந்தப் பலகையில்தான். நிர்வாகம் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பார்வையாளர் தலையிடலாகாது என்னும் 12.7 ஆய்வாளருக்கும் பொருந்துமாதலால் நாம் யாரிடமும் சொல்லவில்லை.