ஐந்தரை மணி ஆயுதபாணி

தாம்பரத்தில் விடிவதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிடுகிறவர்கள் மூன்று வகை. பால் பாக்கெட் போடுகிறவர்கள், முதல் மின்சார ரயிலைப் பிடிக்கிறவர்கள், கியர் சைக்கிள் மிதிக்கிற ஐம்பது வயதுக்காரர்கள். முதல் இரு வகைக்கும் வேலை இருக்கிறது. மூன்றாம் வகைக்குச் சர்க்கரை இருக்கிறது.

2020 பொது முடக்கத்தின்போது டாக்டர் “நடங்க” என்றார். இவர் நடக்கவில்லை, சைக்கிள் வாங்கினார். விலையில் பாதியை மனைவியிடம் சொன்னார். மீதிப் பாதி இன்றுவரை ரகசியம். வாங்கிய புதிதில் சேலையூர் ஏரி வரை, பிறகு வண்டலூர், பிறகு கேளம்பாக்கம் சாலையில் கோவளம், ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமல்லபுரம் என்று எல்லை விரிந்தது. முதலமைச்சரே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதித்த படம் பத்திரிகையில் வந்தபோது, தன்னைப் பார்த்துத்தான் கிளம்பினார் என்பதுபோல் ஒரு வாரம் நடந்துகொண்டார்.

இதுவரை தொந்தரவில்லை. இந்த வகையில் கிளைத்த ஓர் உட்பிரிவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முடிச்சூர் சாலையில் காலை ஐந்தரைக்கு டீக்கடை வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். ஹேண்டில்பாரில் விசில். குறுக்குக் கம்பியில் வெல்க்ரோ போட்டுக் கட்டிய சிறு தடி. பனியனின் முதுகுப்பையில், மற்றவர்கள் வாழைப்பழம் வைக்கும் இடத்தில், பெப்பர் ஸ்ப்ரே. “தனியாவா சார் போறீங்க?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் டீ குடிக்கவே நிற்கிறார்.

“காலம் கெட்டுக் கிடக்கு சார். வெறுங்கையோட போக முடியுமா?”

அவருக்கு இரண்டு எதிரிகள். இரண்டு கால் எதிரி, நாலு கால் எதிரி. இரண்டு கால் எதிரி பைக்கில் வந்து செயின் அறுப்பவன். நம் ஆயுதபாணியிடம் இருக்கும் ஒரே செயின் பின்சக்கரத்தில் கிரீஸோடு ஓடுகிறது, அதை அறுப்பவனுக்குக் கைதான் கறுக்கும். ஆனால் இதை அவரிடம் சொல்லக் கூடாது. சைக்கிளுக்காகவே வெட்டுவார்கள் என்பார். அப்போது மட்டும் முழு விலையையும் சொல்வார், குரலைத் தாழ்த்தி.

அவருடைய உண்மையான ஆசை துப்பாக்கி. தாம்பரத்துக்கென்று தனிக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1-ஆம் தேதி செயல்படத் தொடங்கியபோது ஊரெல்லாம் போக்குவரத்து சீராகுமா என்று பேசிக்கொண்டது. இவர் ஒருவர்தான் “லைசென்ஸுக்கு இனிமே சிட்டிக்கு அலைய வேண்டாம்” என்று மகிழ்ந்தார். அன்று முதல் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பார், தனக்கு அது நிரம்பி முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்ட பெருமிதத்தோடு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓர் ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான், ஆனால் உரிமம் மூன்று வருடத்துக்குப் பதில் ஐந்து வருடம் செல்லும் என்பார். சினிமாவில் கதாநாயகர்கள் தூக்கிப் பிடிக்கிற 9 மில்லிமீட்டர் பிஸ்டல் குடிமக்களுக்குத் தடை, நமக்கு .32 ரிவால்வர்தான் என்று நம்மையும் சேர்த்துக்கொண்டு வருத்தப்படுவார்.

சைக்கிள் குழுவில் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் உண்டு. ஒருநாள் பொறுமையிழந்து கேட்டார்:

“சார், லைசென்ஸ் வேணும்னா உயிருக்கு ஆபத்துன்னு காட்டணும். உங்களைக் கொன்னுடுவேன்னு யாராவது மிரட்டியிருக்காங்களா?”

ஆயுதபாணி கொஞ்சம் யோசித்தார். “வீட்ல அப்பப்ப சொல்வா.”

“அதுக்கெல்லாம் டிபார்ட்மென்ட் துப்பாக்கி தராது சார்.”

தரவில்லை என்பதால் தேர்வு நின்றுவிடுமா? கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-இல் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை அரைக் கிலோ, விலை அப்போதே சுமார் 1.22 லட்சம். கைப்பையில் வைக்க லேசாக இருக்க வேண்டும் என்று டைட்டானியம் கலந்து செய்தது. ஆயுதபாணிக்கு விலை பெரிதாகத் தெரியவில்லை, பாதியைச் சொல்லிச் சமாளிக்கலாம். அரைக் கிலோதான் இடித்தது. சைக்கிளின் எடையில் இருநூறு கிராம் குறைப்பதற்காகச் சீட்டையும் பெடலையும் மாற்றி, பம்பைக்கூட வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிற மனிதர் அவர். சொந்த வயிற்றில் இருக்கும் எட்டு கிலோவைக் குறைத்தால் பதினாறு நிர்பீக் வைத்துக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. தடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தேர்தல் வேறு. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று நம் ஊரில் தேர்தலுக்குப் பஞ்சமில்லை. துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில் பாதுகாப்பாக இருக்கும், இவர் ரோட்டில் தனியாக இருப்பார்.

இந்தத் திசையில் துப்பாக்கி என்ற பேச்சை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று தெரியாதா? பழைய ஆள் யாராவது இருந்தால் 1967 ஜனவரி 12-க்குப் போய்விடுவார். ராமாவரம் தோட்டம், எம்.ஆர்.ராதா, எம்.ஜி.ஆர். கழுத்துக் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தது எல்லாம் வரும். டீ ஆறும். ஆயுதபாணி மட்டும் இடையில் புகுந்து, “அந்த ரிவால்வர் எடை என்ன இருக்கும்?” என்பார்.

நாலு கால் எதிரி விஷயத்தில் அவருக்குச் சரித்திரமே துணைக்கு வருகிறது. இதை நான் கிண்டல் செய்ய முடியாது, ஏனென்றால் நிஜம். 1890-களில் பிரான்சில் சைக்கிள் மோகம் தலைக்கேறியிருந்த காலம். சைக்கிளைக் கண்டால் நாய்களுக்கு ஆகவில்லை. வெறிநாய்க் கடிக்கு லூயி பாஸ்டர் 1885-இல்தான் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டிருந்தார், ஜனங்களுக்குப் பயம் விடவில்லை. கலான் என்ற துப்பாக்கிக்காரர் சைக்கிள்காரர்களுக்காகவே ஒரு குட்டி ரிவால்வர் செய்து விற்றார். பெயர் ‘வேலோ-டாக்’. சட்டைப் பையில் அடங்கும், எடுக்கும்போது துணியில் மாட்டாதபடி சுத்தியலை மூடியிருப்பார்கள், சில மாதிரிகளில் விசையை மடித்துவிடலாம். 5.75 மில்லிமீட்டர் தோட்டா. நாயைக் கொல்ல மனமில்லாதவர்களுக்கு ஈயத்துக்குப் பதில் மிளகாய்த்தூளோ, தக்கையோ, மெழுகோ அடைத்த தோட்டாவும் கிடைத்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் நாயின் முகத்தில் அம்மோனியா பீய்ச்சும் பிஸ்டலை விற்றார்கள்.

இதை அறிந்த தினம் ஆயுதபாணியின் வாழ்க்கையில் திருநாள். தன் பயத்துக்கு நூற்றிச் சொச்சம் வருடப் பாரம்பரியம் இருப்பது தெரிந்ததும் மனிதர் நிமிர்ந்துவிட்டார். வண்டலூர் மேம்பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் வந்து வேலோ-டாக் கதை சொன்னார். தப்பித்து ஓட அவர்களுக்கும் மூச்சில்லை.

பிரெஞ்சுக்காரன் தோட்டாவில் அடைத்ததை வீட்டில் டப்பாவில் எடுத்துக்கொண்டால் என்ன என்று அடுத்த யோசனை. சமையலறையில் மனைவியின் குரல்: “என்னங்க, அது குண்டூர் மிளகாய், கிலோ என்ன விலை தெரியுமா? நாய்க்கு ரேஷன் மிளகாய் போதாதா?” அதனால்தான் பெப்பர் ஸ்ப்ரே. லைசென்ஸ் வேண்டாம், சில நூறு ரூபாய், உள்ளங்கையில் அடங்கும். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்றில் போகிற ஒருவர் முன்னால் வரும் நாயைப் பார்த்து அதை அழுத்தினால் என்ன ஆகும் என்பதை இயற்பியல் படித்தவர்கள் ஊகிக்கலாம். நம்மவர் பி.காம். கேளம்பாக்கம் சாலையோரத்தில் அரைமணி நேரம் தண்ணீர் பாட்டிலைக் கண்ணில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நாய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததாகக் கூட வந்தவர் சொன்னார்.

பிறகு ஏர் கன். .177 அங்குலக் குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத சக்தி என்றால் உரிமம் தேவையில்லை என்று சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் நாயைச் சுட்டால் 1960-ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டம் நிற்கிறது. கொன்றாலோ முடமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை உள்ளே போகலாம். தற்காப்பு உரிமை அதே சட்டத்தில் 34 முதல் 44 வரை பதினொரு பிரிவுகளில் விரிவாக இருக்கிறதே என்று வாதாடிப் பார்த்தார். ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் டீயை உறிஞ்சிவிட்டு, “கோர்ட்டுல சொல்லுங்க சார்” என்றார். அவர் அனுபவஸ்தர்.

நாய் பயத்தையே கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வெறிநாய்க் கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். நாலு நாய் துரத்தும்போது பெடலில் காலை வைத்திருப்பவருக்கு அதெல்லாம் நினைவுக்கு வரத்தான் செய்யும். ஆனால் கடித்துவிட்டால் முதலில் வேண்டியது சோப்பு. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அப்புறம் நேராக அரசு மருத்துவமனை. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பழைய பயம் இன்னும் ஊரில் உலாவுகிறது. அந்த வகை மருந்து நிறுத்தப்பட்டு இருபது வருடம் ஆகிறது. இப்போது கையில்தான், நாலு தடவை போய் வந்தால் தீர்ந்தது. தடி, விசில், ஸ்ப்ரே, மனித காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் சீனக் கருவி (அது நாய்க்கும் கேட்கவில்லை) எல்லாம் சுமக்கிற ஆயுதபாணியின் பையில் பத்து ரூபாய்ச் சோப்பு கிடையாது. எடை.

இன்னொன்றும் கிடையாது. பின்புறச் சிவப்பு விளக்கு. சீட்டுக் கம்பியில் அதை மாட்ட வேண்டிய இடத்தில் இப்போது இரண்டாவது ஸ்ப்ரேக்கான கிளிப் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் ஆம்னி பஸ், முதல் நடை அடித்துவிட இருட்டிலேயே பறக்கும் தண்ணீர் லாரி, கையைக் காட்டினால் அப்படியே நிற்கும் ஷேர் ஆட்டோ, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிவிட்டு மூட மறந்த பள்ளம் என இவற்றின் நடுவே, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, விளக்கில்லாமல், செயின் திருடனைத் தேடிக்கொண்டே அவர் போகிறார். நாயாவது குரைத்துவிட்டு வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலடித்த சமயம், பெருங்களத்தூர்–நெடுங்குன்றம் சாலையை இரவில் ஒரு முதலை சாவகாசமாகக் கடந்த வீடியோவை ஊரே பார்த்தது. அந்தப் பக்கத்து ஏரிகளில் முதலை இருப்பது உள்ளூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ஆயுதபாணிக்கு அது பேரிடி. முதலைக்கு மிளகு உறைக்குமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். பதிலுக்கு யாரோ சிரிக்கும் பொம்மை போட்டார்கள். கோபித்துக்கொண்டு குழுவை விட்டு விலகி, மறுநாள் பின்புறம் யாரும் வராததால் பயந்து மறுபடி சேர்ந்தார்.

இத்தனைக்கும், அவர் நாய்களை உண்மையில் எப்படிச் சமாளிக்கிறார் என்று ஒருமுறை பார்த்தேன். மாடம்பாக்கம் பக்கம், நாலைந்து நாய்கள் குப்பைத் தொட்டி அருகிலிருந்து பாய்ந்து வந்தன. தடி வெல்க்ரோவில் சிக்கிக்கொண்டது. விசில் வாயில் இருந்தது, காற்றுத்தான் வரவில்லை. மனிதர் பிரேக்கைப் பிடித்து இறங்கி, சைக்கிளை நடுவில் விட்டு, நிலைகுத்தி நின்றார். ஓடுகிற சக்கரம் நின்றதும் நாய்களுக்கு ஏமாற்றம். ஒன்று டயரை முகர்ந்தது. இன்னொன்று காலைத் தூக்கி, பாதி விலை சொல்லப்பட்ட அந்தச் சைக்கிளின்மேல் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தது. அப்புறம் எல்லாம் கலைந்தன. இருபதடி உருட்டிக்கொண்டு நடந்துவிட்டு ஏறிக்கொண்டார். டாக்டர் சொன்ன நடையும் அன்று கொஞ்சம் நடந்தது. டீக்கடையில் அவர் விவரித்தபோது நாய்கள் பன்னிரண்டாகியிருந்தன.

அதற்குப் பிறகு புதுத் தேர்வு. காலையில் டீ மாஸ்டரிடம் பொறை வாங்குகிறார்.

“உங்களுக்குச் சுகர்னு சொன்னீங்களே சார், பொறை யாருக்கு?”

“அது தோட்டா, மாஸ்டர்.”

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் அங்கேதான் இருந்தார். 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துவிட்டார்: தெருவில் கண்ட இடத்தில் நாய்க்குத் தீனி போடக் கூடாது, வார்டுதோறும் ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும், மீறினால் நடவடிக்கை. ஆயுதபாணியின் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். மலர்ந்தது.

“அப்ப இதுக்கும் பர்மிஷன் வாங்கணுமா? யார்கிட்ட சார், கமிஷனர்கிட்டயா, கார்ப்பரேஷன்லயா?”

மாஸ்டர் பேப்பரில் நாலைச் சுற்றி நீட்டினார். “முதல்ல தோட்டாவுக்குக் காசைக் குடுங்க சார். ஜிபே வேலை செய்யல, சில்லறையா.”