பாத்துக்கலாம் உடுங்க

உடுமலைப்பேட்டை வட்டாரத்து நூற்பாலைகளில் ஷிப்டுக்கு ஒருவராவது இவர் உண்டு. பெயர் என்னவாக இருந்தாலும் ‘ஃபிட்டர் அண்ணன்’. முப்பது வருசச் சர்வீஸ். ரிங் ஃபிரேம் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் சாகக் கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுகளைக் காக்க மில்லில் கொடுத்த அடைப்பான், சட்டைப் பையில் வெற்றிலைக்குத் துணையாக இருக்கிறது.

கியர் பெட்டிக் கதவைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும். அதற்காக ஒரு லிமிட் ஸ்விட்ச். அண்ணனுக்கு அது மானப் பிரச்சினை. நூற்பாலையில் நூலுக்கா பஞ்சம்? ஒரு முழம் எடுத்து ஸ்விட்சை அமுக்கிக் கட்டினால் கதவும் திறந்திருக்கும், சக்கரமும் சுற்றும்.

“நிறுத்திட்டுப் பாக்கலாமுங்ணா” என்று புதுப் பையன் இழுத்தால், “பாத்துக்கலாம் உடு கண்ணு.”

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவை இவரைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்னவோ. ஓடும் இயந்திரத்தை நெருங்குகிறவர் தனிப்பயிற்சி பெற்றிருக்க வேண்டும், பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும், உடம்போடு ஒட்டிய உடை உடுத்த வேண்டும் என்றது அது. அந்த உடையை நிர்வாகமே தர வேண்டியிருந்தது. நிர்வாகம் தந்தது. அண்ணன் அதை மச்சினன் மகனுக்குத் தந்தார். இவர் தோளில் துண்டுதான்.

மாஸ்க் தாடையைக் காக்கிறது. பஞ்சுத் தூசிக்கு அவரிடம் வேறு மருந்து: ஷிப்ட் முடிந்ததும் ஓர் அச்சு வெல்லம். வெல்லம் போவது இரைப்பைக்கு, தூசி போவது நுரையீரலுக்கு என்று யார் சொல்வது? வார லீவு முடிந்து வரும் முதல் நாள் நெஞ்சு இறுகும். பைசினோசிஸ் என்ற பஞ்சுத்தூசி நோயின் தொடக்கம் பெரும்பாலும் அப்படித்தான். அண்ணன் கணக்கில் அது ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பின் வேலை.

மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள். உறுதிமொழியில் ஓங்கிக் கேட்பது இவர் குரல்தான்.

அவரை மட்டும் திட்டுவது சுலபம். மெஷின் பத்து நிமிஷம் நின்றால் “ஏன் நின்னுச்சு?” என்று சூப்பர்வைசர் ஓடி வருவார்; ஸ்விட்சில் கட்டிய நூலைக் கேட்டு யாரும் வந்ததில்லை. ‘பாதுகாப்பே முதன்மை’ பலகைக்குப் பக்கத்திலேயே உற்பத்திக் கணக்குப் பலகை. தினமும் அழித்து எழுதப்படுவது இரண்டாவது மட்டும்.

ஒரு மில்லில் இந்த நிலையை மாற்றினார்கள். ரிப்பேருக்கு நிற்கும் நேரம் கணக்கில் கழிந்தது. மெயின் ஸ்விட்சை இறக்கி, ஃபிட்டர் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். சாவி அவரிடம் மட்டும். வகுப்பும் அபராதமும் செய்யாததை அந்தப் பூட்டு செய்தது. மெஷினுக்கே சாவி தன் கையில்! அண்ணன் அதை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

ஒருநாள் பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் எக்ஸெல் வண்டியில் வந்து கதவைத் தட்டினார். அண்ணன் தூக்கக் கலக்கத்தில் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“யாருகிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க தம்பி கையெழுத்து வாங்குனீங்க? இருங்க, சட்டையப் போட்டுட்டு நானே வர்றேன்.”