வீட்டில் எத்தனை ரூம்?

மைசூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோது ஊரில் ஒருத்தர்கூட சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "வீட்ல எத்தன ரூமு?" என்றுதான் கேட்டார்கள். வேலைக்கான ஆர்டரே கைக்கு வந்து சேரவில்லை; அதற்குள் பெரியம்மா, "தசராவுக்குப் புள்ளைகளுக்கு லீவுதான?" என்று சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு கோபிசெட்டிபாளையம். அங்கிருந்து மைசூர் ஒன்றும் துபாய் இல்லை. சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு என்று காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ஆனாலும் அப்பாருக்கு அது வெளிதேசம்தான். "கொள்ளேகாலம் வரைக்கும் நம்ம கோயமுத்தூர் ஜில்லா. அதத் தாண்டுனா மகாராஜா சீமை" என்பார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது கொள்ளேகாலம் தாலுகா அந்தப் பக்கம் போய்விட்டது என்ற தகவல் அவருக்குத் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

மகாராஜா சீமைக்கு உத்தியோகம் தேடிப்போனதில் நான் முதல் ஆளும் இல்லை. 1881-இல் ஆங்கிலேயர்கள் ராஜ்ஜியத்தை உடையார் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தபோது திவானாக இருந்தவர் ரங்காச்சார்லு. அவருக்குப் பிறகு 1883 முதல் 1901 வரை சேஷாத்ரி ஐயர். இருவருமே சென்னை ராஜதானியிலிருந்து போனவர்கள். மெட்ராஸ்காரர்களே எல்லா நாற்காலியையும் பிடித்துக்கொண்டால் உள்ளூர்க்காரன் எங்கே உட்காருவது என்ற முணுமுணுப்பு அப்போதே கிளம்பிவிட்டது. நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் திவான்கள் வாடகைக்கு வீடு தேடி அலைந்ததாக எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

மனுஷர்களை விடுங்கள். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளே மாற்றலாகி வந்த ஊர் இது. தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆபீஸ் ஊட்டியிலிருந்து 1966-இல் மைசூருக்கு வந்தபோது அவையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தன. அவற்றைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது 2021-இல். கல்லில் எழுதியவற்றுக்கே சொந்த ஊருக்கு மாற்றல் உத்தரவு கிடைக்க ஐம்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. நான் எம்மாத்திரம்?

எச்.ஆர்.ஏ. என்கிற வீட்டு வாடகைப்படிக் கணக்குக்காக மத்திய அரசு ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்றாகத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. சென்னையும் பெங்களூரும் எக்ஸ். மைசூர் ஒய். எங்களுடையது தனியார் கம்பெனி. ஆனாலும் சம்பளத்தைக் குறைக்கிற விஷயத்தில் அரசாங்கத்தைப் பின்பற்றுவதில் அதற்கு ஆட்சேபணை இல்லை. "பெங்களூர்ல வாடகை குடுக்கற காசுல இங்க குடும்பமே நடத்தலாம் சார்" என்றார் எச்.ஆர். இளைஞர். வாடகையைப் பொறுத்தமட்டில் அவர் சொன்னது சத்தியம். குவெம்புநகரில் நல்ல காற்றோட்டத்தோடு, வாசலில் ஒரு சம்பங்கி மரத்தோடு கிடைத்த வீட்டின் வாடகைக்கு பெங்களூரில் கார் ஷெட் கிடைத்தால் அதிகம். பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டுப் பயந்திருந்தேன். இங்கே அத்தனை இல்லை.

ஆனால் அதே அரசாங்கப் பட்டியலில் ஈரோடும் ஒய்தான். மைசூரும் ஈரோடும் ஒரே தரம் என்று எழுதிய அதிகாரிக்கு இரண்டு ஊரிலும் சொந்தக்காரர்கள் இல்லை என்பது நிச்சயம். ஈரோட்டுக்கு வருகிறவர்கள் ஜவுளி எடுத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறிவிடுவார்கள். மைசூருக்கு வருகிறவர்கள் தலையணை உறை எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள்.

அந்த விருந்தாளிகள் கதைக்கு முன்னால் இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே நாங்கள் குடித்தனம் நடத்துகிற லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்காரர் பேங்க்கில் ரிடையர் ஆனவர். மகா சாது. ஜூன் பிறந்தால் மட்டும் தினமும் காலையில் பேப்பரோடு படியிறங்கி வருவார். "கே.ஆர்.எஸ். நூத்திப் பத்து அடி ஆயிடுத்து சார்" என்பார், பேரனின் மார்க்கைச் சொல்கிற முகத்தோடு. 124.80 அடி ஆனால் கே.ஆர்.எஸ். என்கிற கண்ணம்பாடி அணை நிறைந்துவிடும். அன்றைக்கு எங்களுக்கும் கேசரி வரும். அவர் மாடியேறிய பத்தாவது நிமிஷம் கோபியிலிருந்து அப்பா கூப்பிடுவார். "மேட்டூர் எத்தன அடிடா?" மேட்டூர் நிறைவது 120 அடியில். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருவது பவானியிலிருந்து. மேட்டூருக்கும் அப்பாவுக்கும் ஒரு வாய்க்கால் தொடர்புகூடக் கிடையாது. இருந்தாலும் காவிரி என்று வந்துவிட்டால் அவர் தஞ்சாவூர்க்காரர் ஆகிவிடுவார். "நீ அங்க குளிச்சது போக மிச்சந்தான் இங்க வருது. பாத்துக் குளி" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு நான் ஒரு வாளித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்தது பஸ். தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-இலிருந்து கட்டணம் கிடையாது. ஏறினால் போதும், எந்த ஊர், யார் மகள் என்று கேள்வி இல்லை. கர்நாடகத்தில் 2023 ஜூன் மாதம் சக்தி திட்டம் வந்தது. இங்கேயும் பெண்களுக்கு இலவசம்தான். ஆனால் கர்நாடகத்து முகவரி உள்ள அட்டை வேண்டும். என் மனைவி முதல் தடவை சிட்டி பஸ்ஸில் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எல்லாருக்கும் கண்டக்டர் பூஜ்ய ரூபாய் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். இவளும் பெருமையாக ஆதாரை நீட்டினாள். அவர் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் சாய்த்து, கோ-பி-செட்-டி என்று எழுத்துக் கூட்டினார். பாளையம் வரைக்கும் வர அவருக்குப் பொறுமை இல்லை. "இது தமிழ்நாடு மேடம். டிக்கெட் தகொள்ளி."

"எங்கூர்ல உங்க வீட்டம்மா ஏறுனா சும்மா உடறோமுங்க" என்றாள் இவள் தமிழில். கண்டக்டருக்குப் புரிந்ததோ என்னவோ, சிரித்துக்கொண்டே இரண்டு டிக்கெட் கிழித்தார். அந்த டிக்கெட்டை அவள் பீரோவில் வைத்திருக்கிறாள், ஆதாரமாக.

அன்று ராத்திரியே ஆதார் முகவரியை மாற்றுவது பற்றி வீட்டில் பட்ஜெட் கூட்டம் நடந்தது. மாற்றினால் இங்கே பஸ் இலவசம். இங்கத்து ரேஷன் கார்டும் வாங்கிவிட்டால் குடும்பத்தலைவிக்கு மாதம் 2000 ரூபாய் தருகிற கிருஹலட்சுமி இருக்கிறது. அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே இந்த ஊர் மகாராஜா கல்லூரி மைதானத்தில்தான், 2023 ஆகஸ்ட் 30-ஆம் தேதி. கோபியிலேயே இருந்தால் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1000. எது லாபம் என்று அவள் நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, வருமான வரி கட்டுகிறவர் வீட்டுக்கு இரண்டுமே கிடையாது என்ற உண்மையை நான் சொல்லவேண்டி வந்தது. அவள் நோட்டை மூடினாள். "அப்ப உங்களாலதான் எனக்கு ரெண்டு கவர்மென்ட்டும் தரமாட்டேங்குது" என்றாள். நான் மாதாமாதம் கட்டுகிற தொழில் வரியைக் காட்டி அனுதாபம் தேடலாம் என்று பார்த்தேன். எடுபடவில்லை.

ஒன்றே ஒன்று கிடைத்தது. கிருஹஜோதி. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. வழக்கமாகச் செலவாகிற அளவுக்கு மேல் கொஞ்சம் சலுகை சேர்த்து, உச்சவரம்பு மாதம் 200 யூனிட். அதற்குள் இருந்தால் கரண்ட் இலவசம். 200-ஐத் தாண்டினால் மொத்தத்துக்கும் பில். நாங்கள் இருவரும் ஒரு குழந்தையும் ஃபேன்கூடத் தேவைப்படாத இந்த ஊரில் 200 யூனிட்டை எப்படித் தாண்டுவோம் என்றுதான் நினைத்தேன். டிசம்பரில் சொந்தபந்தம் வந்தது. கீசர் காலை ஐந்து மணிக்குப் போட்டது, பத்து மணி வரை ஓய்வே இல்லை.

சொந்தக்காரர்கள் வருவதில் எனக்குச் சங்கடம் கிடையாது. போவதில்தான் மைசூரில் சிக்கல் இருக்கிறது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிற திம்பம் சாலையில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் காரை விடமாட்டார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். சரி, ஊட்டி வழியாகச் சுற்றிப் போங்கள் என்றால் பந்திப்பூரிலும் அதே ஒன்பது டு ஆறு. புலிக்கும் யானைக்கும் ராத்திரி நிம்மதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நிம்மதியின் செலவை என் ஹால் ஏற்றுக்கொள்கிறது என்பதை வனத்துறை யோசித்ததாகத் தெரியவில்லை. "இருட்டீருச்சு மாப்ள, இனி கேட்டு சாத்தீருவாங்க" என்று மாமனார் ஆறரை மணிக்கே சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றுவார்.

அடுத்து, டைம்டேபிள். அரண்மனையில் விளக்குப் போடுவது ஞாயிற்றுக்கிழமையும் அரசாங்க விடுமுறையும். ஆகவே சனிக்கிழமை வந்தவர்கள் ஞாயிறு ராத்திரி வரை இருந்தாக வேண்டும். திங்கட்கிழமை சாமுண்டி மலை. ஆயிரம் படி ஏறி இறங்கினால் முட்டிவலி. அன்றைக்குப் பயணம் உதவாது. செவ்வாய்க்கிழமை மிருகக்காட்சிச் சாலைக்கு லீவு. 1892-இல் தொடங்கிய அந்த மிருகக்காட்சிச் சாலையைப் பார்க்காமல் கோபிக்குத் திரும்பினால் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லும்? ஆகவே புதன். இந்தக் கணக்கை யாரும் கெட்ட எண்ணத்தோடு போடவில்லை. ஊரே அப்படி அமைந்திருக்கிறது.

அரண்மனை விளக்கு மட்டும் நல்ல சமாச்சாரம். பழைய அரண்மனை 1897-இல் எரிந்துபோய், ஹென்றி இர்வின் என்ற வெள்ளைக்காரர் வரைந்து கொடுத்து 1912-இல் எழுந்தது இது. கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு ஒரே நொடியில் எரியும்போது கூட்டமே 'ஆ' என்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் நானும் 'ஆ' என்றுதான் சொல்கிறேன். போன தடவை அந்த 'ஆ' அடங்குவதற்குள் என் வாயிலிருந்து, "ஹால்ல லைட்ட அணைச்சீங்களா?" என்று வந்துவிட்டது. ஒரு லட்சம் பல்புக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு எல்.இ.டி.க்குக் கணக்குக் கேட்கிறானே என்று சின்ன மாமனார் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

ஹோட்டலிலும் மானம் போகும். இந்த ஊரில் ஒரு காப்பி வாங்கி இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடிப்பது சர்வ சாதாரணம். பை-டூ என்று கேட்டால் சர்வரே பிரித்துக் கொண்டுவந்து வைப்பார். கோடீஸ்வரர்கள்கூடக் கேட்கிறார்கள். நாகரிகமான பழக்கம், சிக்கனத்துக்கும் நல்லது. ஆறு பேருக்கு மூன்று காப்பி பை-டூ என்று நான் சொன்னதும் மாமனார் டேபிளில் கை வைத்து எழுந்தார். "அரை டம்ளர் காப்பி குடிக்கறதுக்கா புலிக் காட்டுக்குள்ளார வந்தோம்? ஆளுக்கு ஒண்ணு முழுசா கொண்டாங்க தம்பி." பில்லை அவரே கொடுப்பார் என்று நினைத்தேன்.

பெரியவர்களுக்குக் காப்பி என்றால் பெண்களுக்குப் பட்டு. மானந்தவாடி ரோட்டில் 1912-இல் மகாராஜா காலத்தில் ஆரம்பித்த பட்டு நெசவாலை இன்றைக்கும் ஓடுகிறது. அங்கே நெய்கிற கே.எஸ்.ஐ.சி. சேலை ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நம்பர் பின்னியிருக்கும், வண்டிக்கு இருப்பது மாதிரி. அத்தை, கொழுந்தியா, பெரியம்மா, பெரியம்மாவின் சம்பந்தி என்று ஒவ்வொரு குழுவையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போவது என் மனைவியின் பொறுப்பு. ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு வருகிறாள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து பாத்திரத்தைச் சற்று பலமாக வைக்கிறாள். வருகிறவர்கள் போகும்போது சயாஜி ராவ் ரோட்டு மைசூர்பாகு கட்டிக்கொடுக்க வேண்டும். நாங்கள் கோபிக்குப் போனாலும் மைசூர்பாகு கொண்டுபோக வேண்டும். மைசூர் சாண்டல் சோப்பு வேறு. அது கோபி கடைவீதியிலும் கிடைக்கிறதே என்றால், "அங்க வாங்கறது வேற மாப்ள" என்கிறார் மாமியார். அதே சோப்பு, அதே விலை.

செலவில்லாத இடமாகக் காட்டலாம் என்று ஒரு கும்பலை யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இடித்துவிடப் பார்த்த அந்த வீட்டைக் காப்பாற்றி 2016-இல் நினைவில்லமாகத் திறந்திருக்கிறார்கள். சென்னையில் பிறந்தவர், அப்பா இங்கே ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டராக வந்ததால் மைசூர்க்காரர் ஆனார். எழுத்தை நம்பி உட்கார்ந்த முதல் வருஷம் அவர் சம்பாதித்தது ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணா. "அதுல எப்படிங்க மைசூர்ல காலந்தள்ளுனாரு?" என்று மாமனார் நிஜமான அக்கறையோடு கேட்டார். கூட்டுக் குடும்பம், அப்பா வீட்டுச் சாப்பாடு என்றேன். "பாத்தீங்களா, சொந்தம் கூட இருந்தா ஒம்பது ரூபாயே போதும்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போனார். எந்தச் சொந்தம் எந்தச் சொந்தத்துக்குச் சோறு போட்டது என்று விளக்கப் போனால் வம்பு.

போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, பெங்களூர் ஆபீசுக்குப் போகிறாயா என்றார். எக்ஸ் தரம், எச்.ஆர்.ஏ. கூடும், வாடகை அதைவிடக் கூடும். கூட்டிக் கழித்தால் கையிலிருந்து நஷ்டம். வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டு மாமனாரிடம் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பெங்களூருங்களா? அங்க வந்து பாக்கறதுக்கு என்ன இருக்குதுங்க மாப்ள?"

மறுநாள் காலை முதல் வேலையாகச் சம்மதம் என்று மெயில் அனுப்பிவிட்டேன். கே.எஸ்.ஐ.சி. ஷோரூம் பெங்களூரிலும் இருக்கிறதாம். மனைவி விசாரித்து வைத்திருக்கிறாள்.