ஒற்றும் தும்மலும்: ஓர் இசை ஆய்வு

திருக்குறளில் ஒற்றாடல் 59-ஆவது அதிகாரம். தும்மல் மிகுதியாக வருவதோ 132-ஆவது அதிகாரமான புலவி நுணுக்கத்தில். வள்ளுவர் இவ்வளவு தள்ளிவைத்த இரண்டையும் லண்டன்காரர் மாண்டி நார்மன் 1962-இல் ஒரே மெட்டில் கட்டிப்போட்டுவிட்டார் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மறுக்க விரும்புவோர் ஜேம்ஸ் பாண்ட் இசையை ஒருமுறை கேட்டுவிட்டு மறுக்கலாம். கேட்காமல் மறுப்பதற்கும் ஆய்வுலகில் மரபு உண்டு.

முதலில் சான்று. வி. எஸ். நைபால் 1961-இல் வெளியிட்ட 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலின் நாயகன் டிரினிடாட் இந்தியக் குடும்பத்தில் பிறந்தவன். ஆறு விரலோடு பிறந்த அந்தப் பிள்ளைக்கு ஜாதகம் கணித்த பண்டிதர், இவன் தும்மினால் குடும்பத்துக்கு ஆகாது என்றும் சொல்லிவைக்கிறார். இந்த நாவலை இசை நாடகமாக்க முனைந்த நார்மன், தும்மல் தோஷத்தைப் பற்றியே ஒரு பாட்டுப் போட்டார். நாடகம் மேடையேறவில்லை, பாட்டு மேசை இழுப்பறைக்குள் போனது. 'டாக்டர் நோ' என்ற பாண்ட் படத்துக்கு இசை கேட்டு வந்தபோது அதே மெட்டு வெளியே வந்தது. ஜான் பாரி அதற்கு வாத்தியக் கோர்வை அமைத்தார், விக் ஃபிளிக் கிதார் வாசித்தார். இந்தியச் சாயலில் பிறந்த தும்மல் இப்படித்தான் துப்பாக்கி ஏந்தியது. மெட்டு உண்மையில் யாருடையது என்ற சர்ச்சை நீதிமன்றம் வரை போனது. 2001-இல் அவதூறு வழக்கில் வென்ற நார்மனுக்கு 30,000 பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது. ஆகவே தும்மலின் தகப்பன் யார் என்பதில் சட்டப்படி ஐயமில்லை.

இனி வள்ளுவர். புலவி நுணுக்கத்தில் தும்மல் மூன்று முறை வருகிறது. ஊடியிருப்பவள் வாய் திறந்து வாழ்த்தட்டும் என்று தலைவன் தும்முகிறான். அவளோ அந்தத் தந்திரத்தை அப்போதே கண்டுகொள்கிறாள் (1312). இன்னொரு தும்மலுக்கு வாழ்த்திய கையோடு, எவள் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள் (1317). பயந்துபோய்த் தும்மலை அடக்கினாலும் விடுவதாயில்லை: உமக்கு வேண்டியவர்கள் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்கிறாள் (1318). மாறுவேடம், விசாரணை, தடயத்தை மறைத்தல் என ஒரு முழு உளவுப் படமே இதில் அடக்கம். எதிரிகளின் கோட்டைகளுக்குள் சர்வசாதாரணமாக நுழைந்து திரும்பும் பாண்ட், இந்தத் தலைவியிடம் அரை நாள் தாங்கமாட்டார்.

சிக்கல் 590-ஆவது குறளில் இருக்கிறது. ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் ரகசியத்தை நீயே வெளியிட்டவன் ஆவாய் என்கிறது அது. தனி இசை என்பது சிறப்பு இல்லாமல் வேறென்ன? 1963-இல் வந்த 'ஃபிரம் ரஷ்யா வித் லவ்' படத்தில் பாண்ட் இஸ்தான்புல் ஓட்டல் அறைக்குள் நுழைந்து, ஒட்டுக்கேட்கும் கருவி எங்கே ஒளிந்திருக்கிறது என்று சுவர்ப் படத்துக்குப் பின்னாலும் விளக்கிலும் தேடுகிறார். அந்த நேரம் பார்த்துப் பின்னணியில் டிரம்பெட்டும் கிதாரும் முழு வீச்சில் முழங்குகின்றன.

அது பார்வையாளருக்கு மட்டும் கேட்கும் இசை, பாத்திரங்களின் காதில் விழாது என்று திரைப்பட அறிஞர்கள் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம்தான்; 1983 வரை செல்லுபடியானதும்கூட.

அந்த ஆண்டு வந்த 'ஆக்டோபஸ்ஸி'யில் பாண்ட் உதய்ப்பூரில் படகை விட்டு இறங்குகிறார். உள்ளூர் உளவாளியை அவர் அடையாளம் காண வேண்டும். கரையில் பாம்பாட்டி வேடத்தில் உட்கார்ந்திருப்பவர் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். அவர் மகுடியை எடுத்து வாசிப்பது சாட்சாத் ஜேம்ஸ் பாண்ட் இசை! ஊர் கேட்க ஒலித்த அந்த மெட்டுதான் இரு ஒற்றர்களுக்கும் இடையிலான ரகசிய அடையாளம். பாண்டும் சட்டென்று புரிந்துகொள்கிறார். 590-ஆவது குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் மகுடியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.