பெட்டி கட்டியல்: மேடிசன் முதல் மடிப்பாக்கம் வரை

கடல் கடந்து போகிறவன் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் ஒரே வரியில் முடித்துவிட்டது. போனவன் தனியே போனான், தனியே திரும்பினான். அவன் மூட்டையை யார் கட்டினார்கள் என்று உரையாசிரியர்களும் கேட்கவில்லை. பொருள்வயிற் பிரிவுக்கு இலக்கணம் வகுத்தவர்கள், பொருளோடு திரும்புவதற்கு, அதிலும் மனைவி, இரு மக்கள், எட்டுப் பெட்டி, ஒரு குக்கர் சகிதம் திரும்புவதற்கு, ஒரு துறையும் வகுக்காமல் போனது தமிழின் பேரிழப்பு. அதை ஈடுசெய்வதே இக்கட்டுரையின் பணிவான நோக்கம்.

ஆய்வுக்களம், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசன். ஆய்வுப்பொருள், அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு ஓராண்டு வருகையாளராக ஜே-1 விசாவில் வந்த ஒரு சென்னைப் பேராசிரியரின் குடும்பம். இவ்வாய்வாளரும் அதே வீட்டில் வசித்து, அதே ரசத்தைச் சாப்பிட்டு வந்ததால் முடிவுகளில் சற்றே சார்பு இருக்கலாம். அந்த விசாவில் பணி முடிந்தபின் நாட்டைவிட்டுக் கிளம்ப 30 நாள் அவகாசம் தருகிறார்கள். அதில் கடைசி இரவு பெட்டி கட்டுவதற்கு. மற்றவை “இன்னும் நாள் இருக்கே” என்று சொல்வதற்கு.

முதலில் கணிதம். இந்தியாவுக்குப் பறக்கும் பல விமானங்களில் தலைக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. நால்வருக்கு 184 கிலோ. இரண்டு வயது நிரம்பிய பிள்ளைக்கும் தனி டிக்கெட், முழுப் பெட்டி. ஆக, தானே 18 கிலோ எடையுள்ள ஒரு வாண்டுக்கு 46 கிலோ சுமக்கும் உரிமை கிடைக்கிறது. பெற்ற பிள்ளையின் அருமை ஆண்டு முழுவதும் தெரியாமல் இருந்த தகப்பன்மார்கூட அன்றைக்குப் பிள்ளையை வாரி அணைத்துக்கொள்வதை நேரில் காணலாம்.

இதே கணக்கில் அறிஞர் உலகம் கண்டுகொள்ளாத ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்கத் தராசு பவுண்டில் பேசும். பெட்டிக்கு 50 பவுண்டு என்று எழுதி வைத்திருப்பார்கள், அது 22.68 கிலோதான். 23 கிலோ வரை அனுமதி என்றால் 320 கிராம் நடுவில் தொங்குகிறது. எட்டுப் பெட்டிக்கு இரண்டரைக் கிலோ! கவுன்டரில் இருக்கும் பெண்மணி எந்த அளவையை ஏற்பார் என்பது தெரியாமலே இந்த இரண்டரைக் கிலோவை நிரப்புகிறவரே பெட்டி கட்டியலில் தேர்ந்தவர்.

எதை நிரப்புவது? இங்கேதான் இவ்வாய்வின் மையக் கோட்பாடு வருகிறது. பெட்டிக்குள் இருப்பவை நமக்குத் தேவையானவை அல்ல, உறவுக்குக் கடன்பட்டவை. இதற்கான தரவுகள் தொலைபேசியில் கிடைக்கும். மடிப்பாக்கத்திலிருந்து அத்தை பேசுகிறார்: “ஒண்ணும் வேண்டாம்மா. நீங்க நல்லபடியா வந்து சேர்ந்தாலே போதும்.” இங்கே ஒரு மௌனம். பிறகு, “அந்தப் பாதாம் மட்டும்... மாடி வீட்டுப் பொண்ணு கொண்டு வந்தாளே, அது.” அத்தையின் ‘ஒண்ணும் வேண்டாம்’ என்பதன் எடை, காஸ்ட்கோ பாதாம் பை ஒன்று: மூன்று பவுண்டு. பெரியப்பாவின் ‘இடம் இருந்தாப் பாரு’ இன்னும் கனமானது. அதில் மூட்டுவலி மாத்திரை, வைட்டமின் புட்டிகள், ஷேவிங் பிளேடு எல்லாம் அடக்கம். ‘உங்க இஷ்டம்’ என்பவருக்கு சென்ட் பாட்டில் வாங்காமல் போனால் அடுத்த கல்யாணத்தில் பந்தியிலேயே தெரிந்துவிடும். உள்ளதை உள்ளபடி “சாக்லேட்” என்று சொல்பவர் ஏழு வயது மருமகன் ஒருவரே.

இவ்விடத்தில் ஒரு பொருளாதார உண்மையைப் பதிவு செய்தாக வேண்டும். உலகில் விளையும் பாதாமில் பெரும்பங்கு கலிபோர்னியாவில் விளைகிறது. அதை மிக அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அதாவது அத்தை வீட்டுத் தெருமுனைக் கடையில் இருப்பதும் பெரும்பாலும் அதே பாதாம்தான், கப்பலில் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. இதை அத்தையிடம் சொல்லிப் பார்த்தோம். “அது வேற, இது வேற” என்றார். மறுப்பதற்குச் சான்று இல்லை.

வெற்றிடம் என்பது பெட்டி கட்டியலில் கிடையாது. குக்கருக்குள் வைட்டமின், ஷூவுக்குள் சாக்லேட், சாக்லேட் இடுக்கில் பேட்டரி செல். பனிக்காலக் கோட்டுகள்தான் சங்கடம். காற்றை உறிஞ்சும் பையில் போட்டால் அப்பளமாகச் சுருங்கும், எடை மட்டும் அப்படியே இருக்கும். ஆனால் உடம்பில் இருப்பதை விமான நிறுவனங்கள் பொதுவாக எடை போடுவதில்லை. ஆகஸ்ட் வெயிலில், சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில், வியர்க்க வியர்க்கக் கோட்டு மாட்டி, பைகளில் சார்ஜர் துருத்திக்கொண்டிருக்க ஒரு குடும்பம் நின்றால் அது எந்த ஊர் என்று கேட்கவே வேண்டாம். சென்னையில் கோட்டு எதற்கு? “ஊட்டிக்குப் போனாப் போட்டுக்கலாம்.” அது பரணுக்குப் போகும்.

மேடிசனில் மாணவர் குடியிருக்கும் வீடுகளின் குத்தகை பெரும்பாலும் ஆகஸ்ட் 14 வாக்கில் ஒரே நேரத்தில் முடியும். ஊரே நாற்காலி, மெத்தை, விளக்கு எல்லாவற்றையும் நடைபாதையில் கொண்டுவந்து வைக்கும். ‘ஹிப்பி கிறிஸ்துமஸ்’ என்று அதற்குப் பெயர். வந்த புதிதில் நடைபாதையில் எடுத்த சோபாவை அடுத்த ஆகஸ்டில் அதே நடைபாதையில் வைத்துவிட்டு வரலாம். பற்றறுத்தலை இவ்வளவு சுலபமாக எந்த மடத்திலும் கற்றுத்தருவதில்லை.

பற்று அறாத பொருள் ஒன்றே ஒன்று: கிரைண்டர். கோயம்புத்தூரில் செய்து, அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட் மோட்டார் வைத்து ஏற்றுமதியானது. பிறந்த ஊருக்கு அது திரும்ப முடியாது. இங்குள்ள 230 வோல்ட்டில் செருகினால் மோட்டார் கருகும். டிரான்ஸ்பார்மர் வைக்கலாம் என்பார் ஒரு சாரார். வைத்தாலும் அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ் என்பதால் கல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் சுற்றும். இத்தனையும் விளக்கிய பிறகு பேராசிரியரின் மனைவி கேட்டார்: “சரி, கல்லை மட்டும் எடுத்துக்கலாமா?”

பட்டினப்பாலை காட்டும் புகார்த் துறையில் சுங்கம் கொள்வோர் மூட்டைகளின் மேல் சோழரின் புலி முத்திரை குத்தி அனுப்பினார்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இரவு இரண்டு மணிக்கு எட்டுப் பெட்டியையும் இரு தூங்கும் பிள்ளைகளையும் பார்த்த சுங்க அதிகாரி, போங்கள் என்று கையசைத்துவிட்டார்.

பாதாம் பெற்றுக்கொண்ட அத்தை, “எதுக்கும்மா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தே, இப்பல்லாம் இங்கேயே கிடைக்குதே” என்றார்.

அடுத்த ஆண்டு கிளம்ப இருப்போருக்கு ஒரு விண்ணப்பம். கிரைண்டரைக் கல்லோடும் மூடியோடும் செப்டம்பரில் வந்து இறங்கும் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் ஒருமுறை நன்றாகக் கழுவுங்கள்.